அம்மா பங்கு வைத்த நுரைத்தண்ணீர்

என் மகள் சயின்டிஸ்ட் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். உடனே அடுத்த கேள்வி வரும், என்ன கண்டுபிடித்தாள் என்று. அங்கேதான் அம்மா மாட்டிக்கொள்வாள். சோப்பு என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சோப்பைத்தான் எப்பவோ கண்டுபிடிச்சாச்சே சித்தி, இவ என்னத்தப் புதுசா, என்பார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். பிறகு எனக்கு போன் வரும். எடுத்ததும் அம்மா கேட்பது, நீ செய்றது சோப்புதானா இல்ல வேற என்னமுமா, என்றுதான்.

அம்மா பல வருஷம் அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்களில் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, தரை துடைத்தவள். பெரிய படிப்புக்காரர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. என்ன வேலை என்று வெளியே சொல்லக் கூடாதவர்கள்தான் அசல் சயின்டிஸ்ட். சொல்லலாம், ஆனால் சொல்ல வரவில்லை என்கிற என் ரகத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதில் எனக்குக் கோபம் வரும். என் கோபம் எல்லாம் போனை வைத்த பிறகுதான் வரும், அது வேறு விஷயம்.

நான் பிறந்து வளர்ந்தது சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில், கோலி என்கிற ஒற்றை அறை வீட்டில். அப்பா போன பிறகும் அம்மா அங்கேயேதான் இருக்கிறாள். நான் செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறேன். ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் பண்டிகைக்குப் பண்டிகைதான் போவேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வழக்கம்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள், அம்மாவின் பக்கத்துத் தெருவில் பெயிண்டும் தின்னரும் சில்லறையாக விற்கிற கடை தீப்பிடித்தது. ஜனங்கள் ஓடிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். தின்னர் தண்ணீரைவிட லேசு. தண்ணீர் ஓடிய பக்கமெல்லாம் அதன் மேலேயே மிதந்து எரிந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. யாரும் சாகவில்லை. ஒரு ஆளுக்குக் கால் வெந்துபோனது. பயம் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

"ஏட்டி, நீ எண்ணெயில புடிச்ச தீய அணைக்குத நுரைதான செய்யுத? ஒரு ஞாயித்துக்கிழம வந்து காட்டு. நம்ம சனம் பாக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தப் பெண்களின் சிரிப்பு இனி நிற்கும், அம்மா இனிமேல் தலைநிமிர்ந்து பதில் சொல்வாள் என்று தோன்றியது. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். அதனால் தண்ணீரில் போட்டால் முதலில் மேற்பரப்புக்கு ஓடி வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே இடமில்லாமல் போனால், உள்ளேயே வால்களை நடுவில் மறைத்துத் தலைகளை வெளியே வைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகக் கூடிக்கொள்ளும். அந்தக் கூட்டத்துக்கு மைசெல் என்று பெயர். இது சாதாரண சோப்பு, கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த வால். இன்னொரு ஜாதி உண்டு. வாலில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஃப்ளோரின். இதற்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. ஒட்டாத தோசைக்கல்லின் குணம்.

இந்த இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் என் பிஎச்டி கழிந்தது. சாதாரண சோப்புகள் இரண்டைச் சேர்த்தால் ஒரே உருண்டைக்குள் கலந்து உட்கார்ந்துகொள்ளும். இவை அப்படி இல்லை. பல நேரம் ஃப்ளோரின் வால்கள் தங்களுக்குள் ஒரு உருண்டை, மற்றவை தங்களுக்குள் ஒரு உருண்டை என்று பிரிந்துவிடும். ஒரே உருண்டைக்குள் இருந்தாலும் ஆளுக்கொரு மூலை. மேற்பரப்பில் படலமாக நிற்கும்போதும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். தலைகளின் மின்னூட்டம் எதிரெதிராக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அளவு தப்பினால் பால் திரிகிற மாதிரி திரிந்து அடியில் படிந்துவிடும். எத்தனை குடுவைகள் அப்படித் திரிந்திருக்கின்றன! பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

இப்படிப் பிணங்குகிறவை தீ விஷயத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று வேண்டும். ஃப்ளோரின் ஜாதி காற்றுப் பக்கம் போய்த் தண்ணீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்திவிடும். வேறு எதனாலும் அந்த அளவுக்கு முடியாது. சாதாரண சோப்பு எண்ணெய்ப் பக்கம் நின்று தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பிணக்கைக் குறைக்கும். மேலும் கீழுமாக இரண்டும் வேலை செய்தால், மூழ்க வேண்டிய தண்ணீர் பெட்ரோலின் மேலேயே மெல்லிய படலமாகப் பரவி மூடிக்கொள்ளும். ஆவி வெளியே வராது, தீ பிடிக்காது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதன் கெட்ட குணம் என்னவென்றால், அந்த ஃப்ளோரின் வால் அழிவதில்லை. கார்பனை அது பிடித்த பிடி அப்படி. மண்ணில் மக்காது, கிருமி தின்னாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீரோடு போய், மீனுக்குள் போய், மனுஷ ரத்தத்துக்குள் போய், வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் உலகமெங்கும் இதை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலையே ஃப்ளோரின் இல்லாத தீயணைப்பு நுரை செய்வதுதான். பகலெல்லாம் இந்தச் சனியனைத் திட்டி ரிப்போர்ட் எழுதுகிறவள் நான்.

அப்படியிருக்க, அம்மாவின் தெருவுக்கு நான் எதைக் கொண்டுபோயிருக்க வேண்டும்? நாங்கள் செய்துகொண்டிருக்கிற புது நுரையைத்தான். அது நன்றாகவே அணைக்கும். ஆனால் அதில் வித்தை இல்லை. கெட்டிப் போர்வை மாதிரி தீயின் மேல் கிடக்கும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் சோப்பு நுரைதானே என்பார்கள். அந்த வார்த்தையைத் தெருவில் இன்னொரு முறை கேட்க எனக்கு இஷ்டமில்லை. பெட்ரோல் மேல் தண்ணீர் பரவ வேண்டும், அதன் மேல் நெருப்பைக் காட்டியும் பிடிக்காமல் இருக்க வேண்டும், ஜனங்கள் ஆவென்று வாயைப் பிளக்க வேண்டும், அம்மா முன்வரிசையில் நிற்க வேண்டும். இதற்காகத்தான் பழையதைத் தேடிப் போனேன்.

அதற்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. தேதி முடிந்த நுரைக் கேன்களை இந்தத் தொழிலில் யாரும் காசு கொடுத்து எரித்து ஒழிப்பதில்லை. பயிற்சி, டெமோ என்று எங்கேயாவது அடித்துத் தீர்த்துவிடுவார்கள். பேர் பயிற்சி, நடப்பது கொட்டிக் கழிப்பது. மீட்டிங்குகளில் இதற்காக நான் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறேன். குர்லாவில் தீயணைப்புச் சாமான் விற்கிற ஒருவர் அந்தச் சத்தத்தை நேரில் வாங்கியவர். அவருக்கே போன் செய்து கேன் கேட்டேன்.  அவர் இந்தியில், மேடம், நீங்களா கேட்கிறீர்கள், என்று சிரித்தார். வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

ஏற்பாடெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே தார்ப்பாய் விரிப்போம். அடித்ததை வழித்து எடுப்போம். மிச்சத்தை மூடி மறுநாள் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கழிவோடு சேர்த்துவிடுவோம். ஒரு பொட்டுத் தரையில் விழாது. ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் எல்லா ஏற்பாடும் சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முன்னாலிருக்கும் திடலில் கூட்டம் நின்றது. எங்கள் ஆட்களுக்குச் சர்ச் என்றாலும் கோயில்தான். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா கிறிஸ்மஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். பெரிய டிரம்மில் தண்ணீர் பிடித்து நானே கேனை ஊற்றிக் கலக்கினேன். சின்ன வாளி போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னால நிக்கவங்களுக்கும் தெரியாண்டாமா என்று அம்மா கேட்டாள். சரி என்று டிரம் நிறையக் கலந்தேன்.

மைக்கில் பேச ஆரம்பித்தேன். என் தமிழ் பாதியில் நின்றது. சின்னப் பிள்ளைகள் ஹிந்தி மே போலோ என்று கத்தின. தலை, வால், உருண்டை என்று கையை ஆட்டி எப்படியோ சொன்னேன். இரண்டு ஜாதியும் ஒரே தண்ணீரில் இருந்தும் தனித்தனியாகக் கூடுகின்றன என்றபோது, அம்மா பக்கத்தில் நின்ற மதினி ஒருத்தி சத்தமாகச் சொன்னாள், "கல்யாணப் பந்தி மாதிரின்னு சொல்லு. பந்தி ஒண்ணுதான், பொண்ணு வீட்டாரும் மாப்ள வீட்டாரும் எல மாறி உக்கார மாட்டாவ." கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் பிஎச்டியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மைக்கில் அவளுக்கு நன்றி சொன்னேன். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி, அம்மா வீட்டுச் சோப்புத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முத்து முத்தாக அடியில் போய் உட்கார்ந்தது. நீளக் கம்பியில் நெருப்பைக் காட்டினேன், குப்பென்று பிடித்தது. மூடி அணைத்துவிட்டு, இன்னொரு தட்டில் டிரம்மிலிருந்து எடுத்ததை விட்டேன். வானவில் நிறத்தில் ஒரு மினுக்கம் பெட்ரோல் மேல் விறுவிறுவென்று ஓடி மூடியது. நெருப்பைக் காட்டினேன். பிடிக்கவில்லை. மறுபடியும் காட்டினேன். பிடிக்கவே இல்லை.  திடலில் கைதட்டல் தொடங்கியது. பெரிய தகர அண்டாவில் மூட்டிய தீயையும் கோயில் இளைஞர் சங்கத்துப் பையன்கள் குழாயால் நுரை அடித்து அணைத்தார்கள். அம்மா திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, இதான் என் மவ செய்றது, என்றாள். அதைக் கேட்க நான் எவ்வளவு வருஷம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிள்ளைகள் நுரைக்குள் ஓடிவந்து குதித்தன. வேண்டாம், வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அது எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். கைதட்டல் நடுவே எப்படி அதட்டுவது? நுரையில் மீசை வைத்தன, தாடி வைத்தன, ஒரு குட்டிப் பெண் என் கன்னத்திலும் கொஞ்சம் அப்பிவிட்டாள். பையன்கள் சுறுசுறுப்பாகத் தார்ப்பாயை நாலு பக்கமும் தூக்கி நாலாவில் உதறிவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார்கள். அந்தச் சாக்கடை நேரே கழிமுகத்துக்குப் போகிறது. நான் தேங்க்ஸ் சொன்னேன்.

மிச்சம் பாதி டிரம் இருந்தது. மூடியை நன்றாக இறுக்கினேன். சாப்பிட்டுவிட்டு டெம்போவுக்குச் சொல்லலாம் என்று அம்மா வீட்டுக்குப் போனேன். சாளைக் குழம்பு. அம்மா எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, இந்தா வந்துருதேன், என்று வெளியே போனாள். நான் போனில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அம்மா திரும்பி வந்தபோது முந்தானை நனைந்திருந்தது, முகம் பிரகாசமாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

திடலுக்குப் போனேன். டிரம் காலி. கடைசிச் சொட்டுவரை சாய்த்து எடுத்திருந்தார்கள்.

டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியாத வழக்கமா இது? நான் வளர்ந்த வீட்டில் சோப்புத்தண்ணீரை யாரும் சாக்கடையில் கொட்டியதில்லை. குழாய் வருகிற நேரத்துக்குத்தான் தண்ணீர். துணி அலசிய தண்ணீர் தரை துடைக்கப் போகும், தரை துடைத்தது வாசலுக்குப் போகும், அதிலும் மிஞ்சினால் கக்கூசுக்கு. நுரை இருக்கிற தண்ணீர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வாளிகளை நானே தூக்கியிருக்கிறேன். வாஷிங் மெஷின் குழாய் வழியாகத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காத வீட்டுக்குக் குடிபோன பிறகு, அது எனக்கு மறந்துவிட்டது. வெட்கக்கேடு. பாதி டிரம் நுரைத்தண்ணீரைச் சீத்தா கேம்ப் நடுவில் மூடி வைத்துவிட்டு, அது அப்படியே இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"நான்தான் ஆளுக்கொரு வாளி ஊத்திக் குடுத்தேன்," என்றாள். "நல்ல நுரைட்டி. என் மவ செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். கோயிலுக்கு மொத வாளி."

அது சோப்பு இல்லை என்றேன். நீதான சோப்புன்னு சொன்ன, என்றாள். ஆமாம், எத்தனையோ தடவை அப்படிச் சொல்லித்தான் போனை வைத்திருக்கிறேன்.

"வெசமா?" என்று கேட்டாள்.

இன்றைக்கு ஒன்றும் செய்யாது என்றேன். ஒரு தடவை கையில் பட்டதால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் இது போகவே போகாது, தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும், உடம்பிலும் சேரும், என்றேன். எங்கே இருந்து போகாது என்று கேட்டாள். எங்கே இருந்துமே என்றேன்.  அம்மா முந்தானையைப் பிழிந்துவிட்டு, வா, என்று முன்னால் நடந்தாள். டிரம்மை உருட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

வீடு வீடாகப் போய்ச் சோப்புத்தண்ணீரைத் திருப்பிக் கேட்பதைப் போல மானக்கேடான காரியம் எதுவும் நான் செய்ததில்லை. காலையில் கைதட்டியவர்கள் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி, இவ்வளவு படிச்சிருக்கியே, ஒரு வாளித் தண்ணிக்கா வந்து நிக்க, என்று கேட்டாள். பூதப்பாண்டிக்காரர் ஒருவர் அதற்குள் தன் ஆட்டோவைக் கழுவி முடித்திருந்தார். என்ன பளபளப்பு பாருங்க, என்று என்னிடமே காட்டினார். பாதிப் பேர் தங்கள் சோப்புப் பொடியையும் போட்டுக் கலக்கித் துணியை ஊற வைத்திருந்தார்கள். ஒன் சோப்ப மட்டும் எடுத்துக்க, எங்களோடத விட்டுரு, என்று ஒரு கிழவர் கிண்டல் செய்தார். அவர் கிண்டலாகச் சொன்னதுதான் எனக்குச் சுரீரென்றது. உருண்டைக்குள் இவை இரண்டும் சேராது என்று காட்டித்தான் நான் பட்டம் வாங்கினேன். வாளிக்குள் கலந்த பிறகு பிரித்து எடு என்றால் என்னால் முடியாது.

துணியோடு வாளியைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீரையும் டிரம்மில் ஊற்றிக்கொண்டேன். துணியை அலச அவர்கள் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர்தான் செலவானது. அதற்கும் முணுமுணுப்பு.

ஒரு வீட்டில் இளம் பெண் ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நல்லா நுரை வந்திச்சுக்கா, கண்ணு எரியலன்னு சொன்னான், என்றாள். பச்சைத் தண்ணீரில் இன்னொரு தடவை குளிப்பாட்டிவிடு என்று சொன்னேன். அவள் கை நின்றது. ஏன்க்கா, என்னமும் ஆயிருமா, என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, பிள்ளையின் ஈரத் தலையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அதற்கு அடுத்த வாசலில்தான் மதினி, அந்தப் பந்தி மதினி, சத்தத்தை உயர்த்தினாள். தொடக் கூடாத சாமான்னா அப்பவே மைக்ல சொல்லியிருக்கணும்லா, பிள்ளைகள்லாம் அதுல உருண்டுச்சே, என்று கேட்டாள். நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா பேசினாள்.

"அவ சொன்னா. யாரும் தொடப்பிடாதுன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிட வந்தா. நான்தான் கேக்காம ஊத்திக் குடுத்துட்டேன். என்னைய ஏசு."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, மைக்கிலும் சொல்லவில்லை, பையன்களிடமும் சொல்லவில்லை. மதினி அம்மாவைத்தான் ஏசினாள். வயசாயிட்டா கைய வச்சுட்டுச் சும்மா இருக்கணும், சீதேவி, என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆமா, ஆமா என்றாள். பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வீட்டுக்குக் கேட்க ஒரே ஒரு வரி. நான் டிரம்மின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

கடைசியாகக் கோயில். கதவு திறந்திருந்தது. சாயங்கால ஜெபத்துக்காக அந்த முதல் வாளித் தண்ணீரில் தரை முழுக்கத் துடைத்து, ஈரம் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் இரண்டு வாளி நல்ல தண்ணீரும் துணியும் கேட்டு வாங்கினாள். தரை சுத்தமாத்தான இருக்கு, இப்பதான துடைச்சேன் என்று அவர் குழம்பினார்.  அம்மா பீடத்துக்குக் கீழே முட்டிபோட்டு ஆரம்பித்தாள். அவள் துடைக்கிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும். குவார்ட்டர்ஸ்களில் அப்படித்தான் துடைப்பாள். லீவு நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் மூலையில் உட்காரவைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து துடைப்பாள். நானும் ஒரு துணியை எடுத்து அவள் பக்கத்தில் முட்டிபோட்டேன். பிழிந்த தண்ணீரையெல்லாம் டிரம்மில் ஊற்றினோம்.

பாதித் தரை முடிந்ததும் அம்மா துணியைப் பிழிந்தபடி கேட்டாள்.

"இத்தன வருசமா நீ இதத்தான் செஞ்சுட்டு இருந்தியா?"

இப்போது இதை நிறுத்துவதற்குத்தான் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். இது இல்லாமல் அணைக்கிற நுரை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம், அது நன்றாக அணைக்கிறது, அதைத் தொட்டாலும் பயமில்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெம்பு வந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஏன் அதக் கொண்டு வரல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் கைதட்ட வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன் என்று எப்படிச் சொல்வது? அதற்காக அந்தப் பிள்ளையின் தலையில் இதை ஊற்ற வைத்தேன் என்றுதானே அது முடியும். நான் குனிந்து துடைத்தேன். அம்மாவும் துடைத்தாள். வாசல்வரை வந்து முடித்தபோது அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை, என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

டிரம் மறுநாள் எங்கள் கூடத்துக் கழிவோடு போனது. கழிமுகத்துக்குப் போனது போனதுதான். குர்லாக்காரர் அடுத்த மீட்டிங்கில் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அன்று நான் மேஜையைத் தட்டவில்லை.

கிறிஸ்மஸுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கோலிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உங்க பொண்ணா சித்தி, என்ன பண்றாங்க, என்று அம்மாவிடம் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டை வாங்கிக்கொண்டே, செம்பூர்ல ஆபீஸ்ல இருக்கா, என்றாள். அந்தப் பெண் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.